காது கேளாத பதினைந்து பேர்

பவளம் கேட்டது ஒரு பெஞ்சு. அதுவும் புதிதாகச் செய்து தரச் சொல்லவில்லை. மலைமேல் உள்ள ரூசா தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஏற்கெனவே கிடக்கிற முதல் பெஞ்சில் தன் மகள் வேலாயியை உட்கார வைத்தால் போதும் என்றாள். 1976-ஆம் வருடம் பிப்ரவரி மாதம் கேட்டாள். அந்த ஒரு வேண்டுகோளை நிறைவேற்றாமல் இருப்பதற்காகப் பள்ளியும் மேலிடமும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் உழைப்பை அவமதித்ததாகிவிடும்.

வேலாயிக்கு ஒன்பது வயது. நான்கு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போன காய்ச்சல் காதுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் உரக்கவே பேசுவாள்.

ஆனாலும் எதிரில் நின்று பேசினால் அவளுக்கு ஒரு சொல் தப்பாது. அதற்குக் காரணம் தேயிலை பேக்டரி. பவளம் அங்கே சலிக்கிற அறையில் வேலை செய்தாள். சல்லடை மெசின்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அந்த அறைப் பெண்கள் தொண்டையை வீணாக்குவதில்லை. உதட்டை அகலமாக அசைத்து, கையால் கொஞ்சம் ஒத்தாசை செய்து, ஊர் வம்பு முழுவதையும் சத்தமில்லாமல் பேசி முடிப்பார்கள். ‘மெசின் பேச்சு’ என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வந்த பிறகும் பவளத்துக்கு அந்த வாய் மாறாது. அதைப் பார்த்துப் பார்த்தே வேலாயி உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். புத்தகத்தைப் படிப்பதுதான் பாக்கி.

அதற்குக் குறுக்கே நின்றவர் பெரிய வாத்தியார் ராதாகிருஷ்ணன். கெட்ட மனிதர் இல்லை. ராங்கு வரிசை என்று ஒன்றை நம்பினார், அவ்வளவுதான். பரீட்சையில் முதலில் வந்தவர்கள் முதல் பெஞ்சு, கடைசியாக வந்தவர்கள் ஏழாவது பெஞ்சு. மேலிடத்து ஆள் யாராவது வந்தால் முன்னால் இருப்பவர்களைத்தான் கேள்வி கேட்பார்கள் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். ஏழாவது பெஞ்சிலிருந்து வேலாயிக்கு அவர் உதடு தெரியாது. தெரியும்படி எட்டிப் பார்த்தால் அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு முதுகுக்குப் பாடம் நடத்துவார். திரும்பினால் புத்தகம் மீசையை மறைக்கும். அதனால் வேலாயி கடைசி ராங்கு. கடைசி ராங்கு என்பதால் ஏழாவது பெஞ்சு. வருடக் கடைசிக்குள் எழுதப் படிக்க வரவில்லையென்றால் பெயரை எடுத்துவிடுவேன் என்று வேறு சொல்லிவிட்டார்.

“சார், முன்னால உக்கார வச்சீங்கன்னா உங்க வாயப் பாத்தே படிச்சிக்குவா சார்” என்றாள் பவளம்.

“மொத பெஞ்சு மொத நாலு ராங்குக்கும்மா. ஒரு பிள்ளைக்காக மாத்துனா, நாளைக்கு எல்லாரும் காது கேக்கலன்னு வந்து நிப்பாங்க.”

இந்த வாக்கு பின்னால் அப்படியே பலித்தது. அவரேதான் பலிக்க வைத்தார்.

“வேணும்னா மேல எழுதிப் போடுறேன்.”

“ஒரு பெஞ்சுக்கா சார்?”

“பெஞ்சு கவர்மெண்டோடது லா.”

பெற்றோர் சங்கத் தலைவரான கங்காணி சின்னக்கருப்பன் பக்கத்தில்தான் நின்றார். “எதுக்கு பவளம் இந்த ரோதனை? பிள்ளக் காம்பராவுல தொட்டி ஆட்ட ஒரு ஆளு வேணும். கைக்கொழந்த அழுவுறது கேக்காத ஆளா இருந்தா இன்னும் நல்லது” என்றார். பிள்ளைக் காம்பரா என்றால், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகும் அறை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். பவளத்துக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த இடம் ‘பின்தங்கிய மற்றும் தனித்தேவைச் சிறார் கல்வி மேம்பாட்டுத் துணைக்குழு’. அப்படி ஒரு குழு புதிதாகப் பிறந்திருந்தது. அதற்கு முத்திரை இருந்தது, தலைப்பு அச்சடித்த தாள் இருந்தது, செயலாளர் தங்கையா ஏறிப் போக ஒரு காடியும் இருந்தது. சிறார்தான் இல்லை. எனவே கடிதத்தைக் கண்டதும் குழு மகிழ்ந்து, நான்கு மாதத்துக்குள்ளேயே விரைந்து வந்தது.

தங்கையா தானா ராத்தா டவுனில் ஷஹாபுதீன் கடையில் மட்டன் பிரியாணியை முடித்துக்கொண்டு ஏறி வந்தார். பெற்றோர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். மேடைப் பழக்கம் உள்ளவர், ஒவ்வோர் எழுத்தையும் பிழிந்து பிழிந்து பேசுவார்.

“அன்பர்களே! தனித்தேவைச் சிறார் நம் கண்கள். அவர்களுக்காக எங்கள் குழு இதுவரை பதினொரு கூட்டங்கள் நடத்தியிருக்கிறது. அந்தப் பதினொரு கூட்டங்களிலும் ஒரு சிறார்கூட வந்து தொந்தரவு செய்யவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!”

கை தட்டினார்கள். பவளம் எழுந்தாள். “ஐயா, எம்மகளுக்கு ஒரு பெஞ்சு…”

“அம்மா, ஒரு பிள்ளைக்கு உதவினால் அதற்குப் பெயர் இரக்கம். பதினைந்து பிள்ளைகளுக்கு உதவினால்தான் அது திட்டம். இரக்கம் காட்ட எங்களுக்கு அதிகாரம் இல்லை. பதினைந்து பேரைக் காட்டுங்கள், தனி வகுப்பே தருகிறேன்.”

“திட்டம் வேணாங்கய்யா. பெஞ்சு போதும்.”

“பெஞ்சு, திட்டத்தின் நான்காம் பிரிவில் வருகிறது” என்று சொல்லிவிட்டு தங்கையா காடியில் ஏறினார்.

பெரிய வாத்தியார் பள்ளி முழுக்கத் தேடிப் பார்த்தார். வேலாயியைத் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் பாழாய்ப்போன காது நன்றாகவே கேட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரைச் சின்னக்கருப்பன்தான் தேற்றினார்.

“இதுக்கா சார் மலைக்கிறீங்க? காலையில ஆள் எண்ணுற பெரட்டுல எனக்கு ஆள் கொறைஞ்சா என்னா செய்வேன்? அடுத்த நெரையிலேருந்து நாலு பேரக் கூட்டியாந்து நிப்பாட்டிடுவேன்லா. தொர தலையத்தான எண்ணுறாரு, மூஞ்சியவா பாக்குறாரு?”

அப்படித்தான் பெரட்டு முறை பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. பதினான்கு பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். பெரும்பாலும் சலிக்கிற அறைப் பெண்களின் பிள்ளைகள். “பவளத்து மகளுக்காகத்தானே, போயிட்டுப் போவுது” என்று முதலில் ஒத்துக்கொண்டவள் பவளத்துக்குப் பக்கத்து மெசினில் நிற்கும் மணியம்மா. அவளைப் பார்த்து மற்றவர்களும் தலையாட்டினார்கள். பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளி முடிந்ததும் தினம் அரை மணி நேரம் காது கேளாமைப் பயிற்சி நடந்தது. பெரிய வாத்தியார் பின்னால் நின்று கை தட்டுவார். திரும்பினவனுக்குக் குட்டு விழும். “திரும்புறியே, அறிவிருக்கா? காது கேக்காதவன் திரும்புவானா?” மூன்று வருடம் வாய்ப்பாடு ஏறாத பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மூன்று நாளில் ஏறியது. ஒரு வாரத்தில் தொழிலாளர் லயத்து வீடுகளில் எந்தத் தாய் தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டாலும் எந்தப் பிள்ளையும் வரவில்லை. பெற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கையை அசைத்ததும் ஓடி வந்தது வேலாயி ஒருத்திதான்.

சோதனை நாள் வந்தது. தங்கையா ஒரு போராங் கொண்டுவந்தார். மேலிடத்துப் படிவங்களுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். மூன்று பிரதி, பத்துக் கேள்வி. பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பதினான்கு பிள்ளைகளும் கல்லாகச் சமைந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட அசையவில்லை. பயிற்சி அப்படி.

கடைசியில் வேலாயி.

“உன்… பெயர்… என்ன?”

வேலாயி அந்த வாயைப் பார்த்து அசந்துபோனாள். இவ்வளவு திருத்தமான வாயை அவள் பார்த்ததே இல்லை. அம்மாவுடையதைவிட நன்றாக இருந்தது. பத்துக் கேள்விகளுக்கும் உற்சாகமாகக் கத்திப் பதில் சொன்னாள்.

‘செவித்திறன்: மிக நன்று’ என்று எழுதினார் தங்கையா.

பவளம் பதறிப்போய் ஓடி வந்தாள். “ஐயா! அவ உங்க வாயப் பாத்துச் சொல்றா. பின்னாடி நின்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்கய்யா!”

“எதிரில் அமர்ந்து கேட்க வேண்டும் என்று போராங்கில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பேசுவது இந்தக் குழுவின் வழக்கமல்ல.”

அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது. அன்று மேலிடத்துச் செலவில் பிஸ்கட்டும் மைலோவும் உண்டு. காது கேளாத பதினான்கு பேரும் ஒரே பாய்ச்சலில் வாசலைத் தாண்டினார்கள். பெரிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தது வேலாயி மட்டும்.

தங்கையா நெகிழ்ந்துவிட்டார். “பார்த்தீர்களா? மணி அடித்தும் அனுமதி இல்லாமல் எழவில்லை. இதுவல்லவோ ஒழுக்கம்!” என்று அதையும் போராங்கில் எழுதினார். ஆனால் பதினைந்தில் ஒன்று குறைந்தது. பெரிய வாத்தியார் வெளியே போய், மைலோ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளையைப் பத்தே நிமிடத்தில் செவிடாக்கிக் கூட்டி வந்தார்.

செப்டம்பரில் தனி வகுப்பு வந்தது. வகுப்பு என்றால் ஒரு பெயர்ப் பலகை. கூடவே காது கேளாத பிள்ளைகளின் மேம்பாட்டுக்கென்று பெரிய ரேடியோப் பெட்டி ஒன்று. தனி அறை இல்லாததால் பதினைந்து பேரும் வேலாயி படிக்கும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டும், அதுவும் நான்காம் பிரிவின்படி முதல் நான்கு பெஞ்சுகளில். அவர்களுக்காக வேறு வகுப்புகளிலிருந்து நான்கு பெஞ்சுகள் வந்ததால், ஏற்கெனவே இருந்தவை பின்னால் தள்ளப்பட்டன. ஏழாவது பெஞ்சு வகுப்புக்குள் அடங்காமல் வராந்தாவுக்குப் போய், மழைத்தண்ணீர்ப் பீப்பாயை ஒட்டிக் கிடந்தது. பள்ளி முன்னேற முன்னேற வேலாயி பின்னேறிக்கொண்டிருந்தாள்.

பவளம் பேக்டரியில் அழுதாள். அங்கே மெசின் ஓடும்போது வாய்விட்டு அழலாம், ஒருவருக்கும் கேட்காது. ஆனால் அந்த அறையில் இருப்பவர்கள் காதை நம்புகிறவர்கள் அல்லவே. மணியம்மா பார்த்துவிட்டாள்.

‘எம்பிள்ள மொத பெஞ்சுல ஒக்காந்து தூங்குது. ஒம்மவ வராந்தாவுலயா?’ என்று அவள் உதடு கேட்டது. பவளம் தலையசைத்தாள். சல்லடை மெசின்களுக்கு நடுவே அந்தக் கேள்வி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனது.

திறப்பு விழா அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்புத் தடுப்புகளை எடுத்து ஒரே கூடமாக்கிய பள்ளியின் ஜிங்க் கூரைக்குக் கீழே தோரணம், மேசைமேல் ரேடியோ, முன்னால் பெஞ்சுகளில் பதினைந்து பேர், தரையில் பெற்றோர்கள். ஒழுக்கத்துக்குப் பெயர் வாங்கியவள் என்பதால் மாலைத் தட்டைப் பிடிக்க வேலாயியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த வருடத்தில் அவள் முன்னால் வந்தது அன்றுதான்.

தங்கையா எழுந்து, “அன்பர்களே!” என்றார். மழை கொட்ட ஆரம்பித்தது. மலையில் அக்டோபர் மழை ஜிங்க் கூரையில் இறங்கினால் பேக்டரி தோற்றுவிடும். வேறு யாராவது என்றால் உட்கார்ந்திருப்பார்கள். தங்கையாவிடம் எழுதிய தாள் எட்டுப் பக்கம் இருந்தது. அவர் தொடர்ந்து பேசினார். ஜனங்கள் அவர் வாய் திறந்து மூடுவதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘என்னா சொல்றாரு?’ என்று தரையிலிருந்து பவளம் மெசின் பேச்சில் மகளைக் கேட்டாள்.

வேலாயி மேடையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மழையில் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லும்படி பவளம் கை காட்டினாள். பின்னால் இருந்தவர்களும் கை காட்டினார்கள். வேலாயி தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள்.

“இந்தத் திட்டம் வருமுன் இந்தப் பள்ளியில் காது கேளாதவர் ஒரே ஒருவர்! இன்று பதினைந்து பேர்! இது முன்னேற்றம் இல்லையா?”

விழாவில் என்ன நடக்கிறது என்று இப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. தன் பேச்சை மட்டுமே கேட்டுப் பழகிய தங்கையாவுக்குத்தான் அவள் குரல் எட்டவில்லை. பேச்சு முடிந்தது. போட்டோ எடுத்தார்கள். தங்கையா உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரிய வாத்தியாரிடம் குனிந்தார். அடிக்கிற மழையில் அடுத்தவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில், பிரியாணிக் கடையில் பேசுகிற தமிழில், அதே திருத்தமான வாயால் பேசினார். வேலாயிக்கு யாரும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டவில்லை. அவள் தொடர்ந்தாள்.

மழை சட்டென்று நின்றது. மலையில் அது அப்படித்தான் நிற்கும். ஜனங்கள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். மழை நின்றது தெரியாமல் பள்ளியே அதிரக் கத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு குரல்.

“போட்டோ எடுத்தாச்சுல்ல? ரேடியோவ என் காடியில ஏத்திடுங்க! அடுத்த வாரம் வேற தோட்டத்துக்கும் இதே ரேடியோதான்! இந்தப் பயலுங்களுக்கு நல்லாவே காது கேக்கும்னு எனக்குத் தெரியாதா வாத்தியாரே? மேல பதினஞ்சுன்னு கேட்டாங்க, பதினஞ்சு குடுத்தாச்சு! பிள்ளைங்க எப்படிப் போனா நமக்கென்னா!”

எல்லா முகங்களும் தன்னையே பார்ப்பதைக் கண்ட வேலாயி, சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கடைசி வரியை இன்னொரு தடவை இன்னும் பலமாகச் சொன்னாள்.

தங்கையா எழுந்தார். “இந்தப் பிள்ளைக்கு எப்படிக் கேட்டது?”

பவளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்தாள். “கேக்கலீங்கய்யா. எட்டு மாசமா அதத்தானே சொல்றேன். மழ நின்னது அவளுக்குத் தெரியல பாருங்க. இப்பவாச்சும் பின்னாடி நின்னு கூப்புடுங்க.”

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் தங்கையாவுக்கு வேறு வழியில்லை. வேலாயியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். “வேலாயி!” என்றார். “வேலாயி!” என்று கத்தினார். மூன்றாவது முறை கத்தியதில் காது கேளாத பதினைந்து பேரும் துள்ளிக் குதித்தார்கள். வேலாயி மாலைத் தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

தங்கையா பையிலிருந்து போராங்கை எடுத்தார். முடிவு வந்துவிட்டதென்று பவளம் நம்பினாள். அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

“மாணவி வேலாயி. கனமழையிலும் அதிகாரிகளின் இரகசிய உரையாடலைக் கேட்டதால், செவித்திறன் அபாரம் என்பது மறுபடியும் உறுதியாகிறது. அதிகாரி மூன்று முறை அழைத்தும் திரும்பவில்லை. எனவே ஒழுக்கம் மோசம். முந்தைய பாராட்டு இரத்து செய்யப்படுகிறது.”

மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினார். ரேடியோவைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் காடியில் வைத்தார். காடி கோலா தெர்லா பக்கம் இறங்கிப் போனது. சின்னக்கருப்பன் தோரணத்தை அவிழ்க்கிற சாக்கில் எங்கேயோ மறைந்துவிட்டார்.

கூட்டம் கலையவில்லை. பெரிய வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “விழா முடிஞ்சிருச்சி, எல்லாரும் போலாம்” என்றார். யாரும் எழவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த சலிக்கிற அறைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உதடுகள் அசைந்தன. மணியம்மா ஏதோ சொன்னாள், கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி பதில் சொன்னாள், நான்கைந்து தலைகள் ஆடின. ஒரு சத்தமும் இல்லை. பெரிய வாத்தியார் அந்த வாயையும் இந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாரும் பேசுகிறார்கள், தனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

நான்கு பெண்கள் எழுந்தார்கள். வராந்தாவுக்குப் போய் ஏழாவது பெஞ்சை ஆளுக்கொரு மூலையாகத் தூக்கி வந்தார்கள். முதல் பெஞ்சுக்கும் முன்னால், கரும்பலகைக்கு நேர் எதிரே போட்டார்கள். பவளம் முந்தானையால் ஈரத்தைத் துடைத்துவிட்டு மகளை அதில் உட்கார வைத்தாள்.

“என்னம்மா இது? யாரக் கேட்டு எடுத்து வந்தீங்க? ராங்கு என்னா ஆவுறது?”

ஒருத்தியும் குரல் எடுக்கவில்லை. பெரிய வாத்தியாரைச் சுற்றி நின்று, எல்லாரும் ஒன்றாக ஒரே கேள்வியை உதட்டால் கேட்டார்கள். அவர் விழித்தார். திரும்பவும் கேட்டார்கள்.

வேறு யாரும் உதவ மாட்டார்கள் என்று தெரிந்ததும் பெரிய வாத்தியார் வேலாயியின் முன்னால் குனிந்தார். கையில் புத்தகம் இல்லை. முகத்துக்கு முகம் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, மூன்று வருடத்தில் முதல் முறையாக அவளிடம் ஒழுங்காகப் பேசினார்.

“எல்லாரும் என்னாம்மா சொல்றாங்க?”

வேலாயிக்கு ஒரு எழுத்துத் தப்பாமல் புரிந்தது. பதிலைப் பள்ளி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“ஒங்களுக்குக் காது கேக்கலியான்னு கேக்குறாங்க சார்.”